பிறை ஆற்றில் என் சகலை வைத்த சூனியம்

என் சகலை எனக்குச் சூனியம் வைத்துவிட்டான் என்று நான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்குப் பதிலாக, நானே சொல்லி உங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பினாங்குத் துறைமுகத்தில் நான் தொங்கானில் வேலை செய்துகொண்டிருந்தேன். கப்பல்கள் கரைக்கு வராமல் நடுவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். அங்கே போய் மூட்டைகளை வாங்கிக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய மரப்படகுதான் தொங்கான். அதை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். அவர் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் துடுப்பு வலிக்க வேண்டும், அவர் திட்ட வேண்டும். இந்த உத்தியோகத்துக்கு என் வாயைவிடத் தகுதியான வாய் அந்தத் துறைமுகத்திலேயே கிடையாது என்பது என் எண்ணம்.

எங்கள் முதலாளிக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கடை. அந்த வருஷம் அவர் புதிதாக ஒரு தொங்கான் கட்டினார். அதற்குத் தண்டல் யார் என்று அவர் வாய் திறப்பதற்கு முன்பே நான் வீட்டில் சொல்லிவிட்டேன். என் மீசைக்கும் சொல்லிவிட்டேன். அது தானாகவே மேல்நோக்கி முறுக்கிக்கொள்ள ஆரம்பித்திருந்தது.

இந்த இடத்தில்தான் என் சகலை வருகிறான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட வயதில் சின்னவன். பிழைப்பு தேடி வந்தவனைத் தொங்கானில் சேர்த்துவிட்டதே நான்தான். வந்த கொஞ்ச நாளிலேயே ஒற்றைக் கையால் கயிற்றில் முடிச்சுப் போடப் பழகினான். தவ்க்கே என்கிற சீன முதலாளிமார்களுக்கு அவர்கள் பாஷையிலேயே பதில் சொன்னான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் மாமியார் நண்டு சமைத்தால் பெரிய கொடுக்கு அவன் தட்டில் விழும், எனக்குக் குழம்பில் நீந்துகிற கால்கள். என் சொந்த மகள் என் தோளில் போட்டால் அழுவாள், அவன் தோளில் போட்டால் தூங்கிவிடுவாள். கூரை ஒழுகுகிறது என்று நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தால் என் மனைவி, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? அவரு வரட்டும்" என்பாள். அவரு! கட்டிய புருஷன் ஏணியோடு நிற்கிறேன், அவரு வரட்டுமாம். கொசுகூட எங்கள் இரண்டு பேரில் என்னைத்தான் கடிக்கும். கொசுவுக்கும் அவன்மேல் மரியாதை போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில் பினாங்குத் தீவுக்கு எதிரே, அக்கரைத் தோட்டத்துத் துரைமார்கள் சேர்ந்து பிறை ஆற்றில் ஒரு தோணிப் போட்டி வைத்தார்கள். தாசேக் கெலுகோர் பக்கம் உள்ளே ஒரு தோட்டத்துப் படித்துறையில் புறப்பட்டு, ஆறு கடலில் விழுகிற முகத்துவாரம் வரை வர வேண்டும். அரை நாள் வேலை. ஒரு தோணிக்கு ஒரே ஆள். மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள், துரைமார்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம். முதலாளிக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது.

"ரெண்டு பேரும் போங்கப்பா. ஊரே ஜெயிக்கட்டும், தோக்கட்டும், எனக்கு அது தேவையில்ல. ஒங்க ரெண்டு பேர்ல எவன் முன்னால வர்றானோ, அவன் கையில புதுத் தொங்கான்."

சகலை தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணனுக்கே குடுத்துருங்களேன் முதலாளி" என்றான்.

பார்த்தீர்களா? எனக்குக் கிடைக்க வேண்டியதை எனக்கே தானம் கொடுக்கிறான்! "வேணாம்லா. ஆத்துலயே பாத்துக்குவோம்" என்று நான் மீசையைத் தொட்டுக்கொண்டு சொன்னேன். அந்த மீசையை அன்றைக்கே சிரைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

போட்டியன்று விடிந்தும் விடியாமலும் படித்துறைக்குப் போனேன். தோணிகளை முந்தின நாளே கொண்டுவந்து சேற்றில் ஏற்றி வைத்திருந்தோம். பனி மூட்டத்தில் யாரோ ஒருவன் என் தோணியின் மூக்குப் பக்கம் குந்தியிருந்தான். ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். சகலைதான். அவன் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியிலிருந்து புகை வந்தது. குங்கிலிய வாசனை. கையில் ஏதோ ஒரு துணி. சிவப்புக் கரை போட்ட துணி. என்னுடைய பழைய துண்டு! அதைக் கிழித்துச் சுருட்டி, முடி மாதிரி எதையோ சேர்த்துக் கட்டி, புகையும் கொட்டாங்கச்சியில் முக்கி எடுத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே என் தோணிக்குள் வைத்து அழுத்தினான். பிறகு இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

அவன் தலை மறையும்வரை நான் அந்த ரப்பர் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆளுடைய துணி, முடி, புகை, மந்திரம். சூனியத்துக்கு வேறு என்ன வேண்டும்? கிட்டப் போய்ப் பார்த்தேன். உள்பக்கம், என் கால் விரல்கள் படும் இடத்தில், கோழிமுட்டை அளவுக்குக் கறுப்பாக ஒரு முடிச்சு பலகையோடு ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. பிடுங்கப் போனேன், கை வரவில்லை. வைத்ததைத் தொட்டால் உடனே பலிக்கும் என்று யாரோ சொன்ன ஞாபகம். அதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"என்னண்ணே, மொகமெல்லாம் வேர்த்திருக்கு? காய்ச்சலா?" என்று சகலை கேட்டான்.

"ஒனக்கு நல்லாத் தெரியுமே" என்றேன்.

அவன் ஒன்றும் புரியாதவன் மாதிரி சிரித்தான். என்ன நடிப்பு என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் புறப்பட்டோம். முன்னால் போனவர் ஒரு துரை. மேலே துணி போர்த்திய ஒல்லித் தோணி ஒன்றைச் சீமையிலிருந்து வரவழைத்திருந்தார். அதற்குக் கயாக் என்று பெயராம். இடுப்புக்கு மேலே துரை, இடுப்புக்குக் கீழே தோணி. ஆளும் தோணியுமாகச் சேர்த்துத் தைத்தது போலிருந்தது. அவருக்குப் பின்னால் மலாய்க்காரர்கள், அப்புறம் என் சகலை, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நான்.

பிறை ஆறு ஒரே ஆறு இல்லை. மேலே குறுகலாக, ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் குனிந்து நிழல் போட, தேத்தண்ணீர் நிறத்தில் சாதுவாகப் போகும். கொஞ்ச தூரத்தில் அகன்று, இரண்டு பக்கமும் நீப்பா என்கிற சேற்றுப் பனையின் ஓலைகளாகிவிடும். மழைக்கு மழை மண்திட்டு இடம் மாறும். போன வருஷம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருஷம் கொக்கு நிற்கும். அதற்கும் கீழே உப்புத் தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கிற பாக்காவ் மரங்கள், சேறு, உப்பு வாசனை. அங்கே ஆறு கடலின் பேச்சைத்தான் கேட்கும். கடல் இறங்குகிற வற்றம் இருக்கும்வரை கீழே இழுத்துக்கொண்டு போகும். கடல் ஏற ஆரம்பித்தால் அதே தண்ணீர் திரும்பி நம்மை மேலே தள்ளும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பிழைப்பே அதுதானே.

ஆனால் அன்றைக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டுதான். முன்னால் அவன் முதுகு, காலடியில் அந்தக் கறுப்பு முடிச்சு. ஒரு குளவி என் காதைக் கொட்டியது. சூனியம்! மண்திட்டில் மூக்கு குத்தி நின்றேன். சூனியம்! தொடையில் குறக்களி பிடித்தது. சந்தேகமே இல்லை! முந்தின இரவு மூன்று தட்டு சோறு தின்றதை அந்த நேரத்தில் யார் நினைத்தார்கள்? அவனோ என்னவோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவன் மாதிரி போய்க்கொண்டிருந்தான். ஒரு வளைவில் திரும்பினான். நான் அந்த வளைவைத் தாண்டும்போது ஆளையே காணோம்.

அப்போதுதான் என் தோணி நின்றுவிட்டது.

துடுப்பு போடுகிறேன், கரையோரத்து மரம் நகர மாட்டேன் என்கிறது. இன்னும் பலமாகப் போடுகிறேன், மரம் எனக்கு முன்னால் போகிறது. கடல் ஏறத் தொடங்கிவிட்டது, அவ்வளவுதான். துறைமுகத்தில் பிழைக்கிற எவனும் கரையோரமாக ஒதுங்கிப் போயிருப்பான். நான் நடு ஆற்றில் உட்கார்ந்துகொண்டு, "கட்டிப் போட்டுட்டான்டா, மந்திரத்தால கட்டிப் போட்டுட்டான்!" என்று ஒரு கொக்கிடம் முறையிட்டேன். கொக்கு வேறு பக்கம் பார்த்தது.

போதும் என்று முடிவு செய்தேன். பலித்தது பலித்துவிட்டது, இனி தொட்டால் என்ன? பற்களைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் அந்த முடிச்சைப் பிடித்து ஆட்டி, திருகி, பிடுங்கி, தலையைச் சுற்றி ஆற்றில் எறிந்து, மூன்று தடவை துப்பினேன்.

தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது.

சூனியத்தை எடுத்த இடத்திலிருந்து பேய் வெளியே வருகிறது என்று நினைத்தேன். அதைக் காலால் மிதித்தேன். அது விரல் இடுக்கில் வந்தது. குனிந்து கையால் பொத்தினேன். குனிந்ததால் மூக்கு தாழ்ந்து, இன்னும் வேகமாக வந்தது. எழுந்து நின்றேன். ஒற்றை ஆள் தோணியில் எழுந்து நிற்கக் கூடாது என்று நானே எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். முருகனைக் கூப்பிட்டேன், மாரியம்மனைக் கூப்பிட்டேன், நாகூர் ஆண்டவரைக் கூப்பிட்டேன். கடைசியில், கரையோரச் சேற்றில் கட்டைபோல ஒன்று படுத்திருந்தது கண்ணில் பட்டது. அந்த ஆற்றில் முதலை உண்டு. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டது கடவுளை இல்லை. தொண்டை கிழிய என் சகலையைக் கூப்பிட்டேன். எவன் சூனியம் வைத்தான் என்று நினைத்தேனோ, அவன் பெயரைத்தான் சொல்லிக் கத்தினேன்.

வளைவைத் தாண்டி அவன் வந்தான். ஏறுகிற தண்ணீரே அவனைத் தள்ளிக்கொண்டு வந்தது, அம்பு மாதிரி வந்தான்.

"அண்ணே! உக்காருங்கண்ணே! மொதல்ல உக்காருங்க!"

"கிட்ட வராதடா! என்னக் கொல்லப் பாத்தியே பாவி!"

"பின்னால தள்ளி உக்காருங்க, மூக்கு தூக்கும்! ஐயோ, அடைப்ப எங்கண்ணே? யாரு புடுங்குனா?"

"எந்த அடைப்பு?"

"காலையில குங்கிலியம் காய்ச்சி வெச்சு அடைச்சேனே! தேங்காநாரும் துண்டும் வெச்சு, கல்லு மாதிரி இருந்துச்சே!"

இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு நான் அவனைப் பார்த்தேன். குங்கிலியம். தேங்காய் நார். கிழிந்த துணி. மாதாமாதம் தொங்கானைக் கரையேற்றி, தண்ணீர் புகாமல் பலகை இடுக்குகளில் நான் என் கையாலேயே அடிக்கிற அதே கலப்பத்து! அந்தப் புகை வாசனையில் பாதி ஆயுள் கழித்த மூக்கு என்னுடையது. அந்த மூக்கு அன்றைக்கு மட்டும் மந்திரவாதி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறது.

"ஓட்டை எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். வெட்கத்தில் விட்டதுதான். போட்டிக்கு முந்தின வாரம் ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மந்திரக்காரரிடம் போய், சகலையை ஜெயிக்க ஒரு செப்புத் தகடு வாங்கி வந்திருந்தேன். தகடு எப்போதும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னபடி, முந்தின நாள் தோணியைச் சேற்றில் ஏற்றிய பிறகு, அதை மூக்கில் உள்பக்கமாகக் கீழே வைத்து, பெரிய ஆணியாகப் பார்த்து நானே அடித்திருந்தேன். காலையில் தகட்டைக் காணாமல் அந்த இடத்தில் முடிச்சு இருந்தபோது, என் மந்திரத்தை அவன் மந்திரம் தின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"யாரோ ஒரு கூறுகெட்டவன் தகடு ஒண்ண ஆணி வெச்சு அடிச்சிருக்கான்ணே. பலகை ஒரு வெரல் நீளத்துக்குப் பொளந்துபோச்சு. ஆணியப் புடுங்கிட்டு அடைச்சேன். வேண்டாதவன் எவனோ செஞ்ச வேலை. சொன்னா பயப்படுவீங்கன்னு சொல்லல."

"எவனோ பாவி" என்றேன்.

அவன் என் தோணியை எதிர்க்கரையோரம் இழுத்து, தன் இடுப்புத் துண்டை அவிழ்த்துச் சேற்றில் பிசைந்து பிளவில் திணித்தான். கையில் ஒரு கொட்டாங்கச்சியைக் கொடுத்தான். "நாலு துடுப்பு, ஒரு எறைப்பு. கரையோரமாவே போங்க. நான் பின்னாலயே வர்றேன்."

இவ்வளவுக்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? முன்னால் போகச் சொல்கிறானே, இதில் என்ன திட்டம் என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். நாலு துடுப்பு, ஒரு இறைப்பு. திரும்பிப் பார்த்தால் ஒரு தோணி நீளம் பின்னால் அவன். நான் நின்றால் அவனும் நிற்பான். பாக்காவ் மரங்கள் விலகி, முகத்துவாரமும் கொடிக்கம்பமும் கூட்டமும் தெரிந்தன. புதுத் தொங்கான் ஞாபகம் வந்தது. வெட்கமில்லாமல் வேகத்தைக் கூட்டினேன். இறைப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். எல்லைக் கயிற்றைத் தாண்டியதும் என் தோணி, கடமை முடிந்தது என்பதுபோல் மெதுவாக முழுகியது. கழுத்தளவு தண்ணீரில் நான் நின்றேன். மற்றவர்கள் எல்லோரும் எப்போதோ வந்து காப்பி குடித்துவிட்டிருந்தார்கள். கடைசிக்கு முந்தினவன் நான், கடைசி அவன்.

முதலாளி சேற்றில் செருப்போடு இறங்கி வந்தார். "வந்துட்டாண்டா என் தண்டல்!"

அந்த வார்த்தையைக் கேட்க எவ்வளவு நாள் காத்திருந்தேன்! ஆனால் கேட்டதும் நான் திரும்பிச் சகலையைப் பார்த்தேன். "முதலாளி, நான் ஜெயிக்கல. ஓட்டைத் தோணியில முழுகுனவன இவன்தான் திரும்பி வந்து காப்பாத்துனான். நியாயமா இவனுக்குத்தான்..."

முதலாளி சகலையைப் பார்த்தார். அவன் முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை.

"அண்ணன் ஆத்துத் தண்ணி நெறைய குடிச்சிட்டாரு முதலாளி. என்னமோ பேசுறாரு. வெய்யில்ல நிக்க வைக்காதீங்க."

கூட்டம் சிரித்தது. முதலாளி என் முதுகில் தட்டினார். பொய்யைக்கூட இவ்வளவு அழகாகச் சொல்கிறானே என்று, அந்த ஈரத்திலும் எனக்குப் பொறாமை வந்தது.

அன்று சாயங்காலம் நீராவிப் படகில் பினாங்குக்குத் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "கடைசி நேரத்துலயாவது நீ முன்னால போயிருக்கலாமேடா? எனக்கு என்னாயிருக்கும்?"

"பின்னால இருந்தாத்தானேண்ணே நீங்க முங்குறது தெரியும்" என்றான். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான்.

இன்றுவரை அந்தத் தொங்கானுக்கு நான்தான் தண்டல். முதல் துடுப்பில் அவன் உட்கார்ந்திருக்கிறான். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் திட்டுகிறேன், அவனைத் திட்ட மட்டும் வாய் வரவில்லை. மாமியார் வீட்டில் நண்டுக் கொடுக்கு இன்னும் அவன் தட்டில்தான் விழுகிறது. எனக்கு இன்னும் வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவனைப் பார்த்து மனசு புழுங்கும்போதெல்லாம், அன்றைக்கு ஆற்றில் நடந்ததை எனக்கு நானே கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொள்கிறேன். என் கூக்குரல் கேட்டபோது கொடிக்கம்பம் அவன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. அவன் தோணியைத் திருப்பினான்.